பலகையில் எழுதப்படாத பெயர்கள்

ஒருவனுடைய திறமையை அவன் செய்கையால் அறிவதற்கு முன்னரே, அவன் ஊரையும் உயரத்தையும் நிறத்தையும் விசாரித்துத் தீர்ப்புக் கூறிவிடுவது மனிதர்க்குள்ள பழைய வழக்கம். வீட்டிற்கு வரும் புது மருமகளையும், பள்ளிக்கூடத்திற்கு வரும் புது ஆசிரியரையும், தோட்டத்திற்கு வரும் புதுக் கிராணியையும் நாம் அவ்வாறே பார்க்கின்றோம். வந்தவர் வாய் திறவாததற்கு முன்னமே, “இவர் தேறமாட்டார்” என்று ஒருவர் கூற, “ஆம், ஆம்” என்று பத்துப்பேர் தலையசைக்கின்றனர்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வழக்கம் ஆண்டுதோறும் ஒரு திருவிழாவைப்போல் நடைபெறுகின்றது. அமெரிக்கர் காற்பந்து என அழைக்கும் ஆட்டம் நம் திடல்களில் நாம் ஆடும் ஆட்டமன்று. தலைக்கவசமும் தோட்காப்பும் அணிந்த பதினொருவர், எதிரே நிற்கும் பதினொருவரோடு மோதி, முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது அது. ஊதியத்திற்கு ஆடும் கோஷ்டிகள், கல்லூரிகளில் ஆடித் தேர்ந்த வாலிபர்களை ஆண்டுக்கொரு முறை கூடி, முறைவைத்துப் பெயர் சொல்லித் தெரிந்தெடுத்துக் கொள்கின்றன. இதனை அந்நாட்டார் ‘டிராஃப்ட்’ என்பர். நாம் ‘தெரிவு’ என்போம். ஒரு பெயர் வாசிக்கப்பட்ட மறுகணமே அபிமானிகள் ஆரவாரிக்கின்றனர், அல்லது ஏசுகின்றனர். மறுநாட்காலையில் பத்திரிகைகள், பரீட்சைக்கு மதிப்பெண் இடுவதுபோல, ஒவ்வொரு கோஷ்டிக்கும் தரம் இடுகின்றன. அவ்வாலிபர்களோ இன்னும் ஓர் ஆட்டங்கூட ஆடியிரார்!

இத்தீர்ப்புகளில் எத்தனை நிலைத்தன? அதனினும் பெரிய கேள்வி ஒன்றுண்டு: ஏசப்படும் பாக்கியங்கூடக் கிட்டாமல், பெயரே வாசிக்கப்படாமல் போனவர்கள் யாவர்? இவ்விரண்டையும் சரித்திரத்தைக்கொண்டு சிறிது ஆராய்வோம்.

தெரிவு பிறந்த விதம்

அமெரிக்கத் தொழில்முறைக் காற்பந்துச் சங்கம் 1920-ம் வருஷத்தில் ஒஹையோ மாகாணத்துக் கான்டன் நகரில் தோன்றியது. அதன் முதற் பதினைந்து வருஷங்களில், கல்லூரியை விட்டு வரும் ஆட்டக்காரன் தனக்கு விருப்பமான கோஷ்டியில் சேரலாம். கூலியையும் பேரம் பேசிக்கொள்ளலாம். ஆகவே பணமும் புகழும் உள்ள கோஷ்டிகளே நல்லவர்களை அடைந்தன. பிலடெல்பியா நகரத்து ‘ஈகிள்ஸ்’ கோஷ்டியின் சொந்தக்காரரான பெர்ட் பெல் என்பார், மின்னசோட்டா சர்வகலாசாலையின் ஸ்டான் கோஸ்ட்கா என்ற ஆட்டக்காரரைத் தம் கோஷ்டிக்குக் கொணர எவ்வளவோ முயன்றும் முடியவில்லை. வலியது மேலும் வலிவதும், மெலிந்தது மேலும் மெலிவதுமான இந்நிலை நீடித்தால் சங்கமே அழியும் என்று அவர் எண்ணினார். 1935-ம் வருஷம் மே மாதத்தில் அவர் ஒரு யோசனையை வெளியிட்டார். கல்லூரி ஆட்டக்காரர் பெயர்களையெல்லாம் ஒரே பட்டியலாக்கி, கடந்த பருவத்தில் கடைசியாக நின்ற கோஷ்டி முதலிலும், முதலாக நின்ற கோஷ்டி கடைசியிலுமாகத் தெரிந்தெடுக்கட்டும் என்பதே அது. வலிய கோஷ்டிகளின் சொந்தக்காரரும் இதற்கு இசைந்தனர்.

1936-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 8-ந் தேதி, பிலடெல்பியாவில் ரிட்ஸ்-கார்ல்டன் விடுதியின் ஓர் அறையில் முதல் தெரிவு நடந்தேறியது. பலகையொன்றில் 90 பெயர்கள் எழுதப்பட்டிருந்தன. 9 கோஷ்டிகள் 9 சுற்றுக்களில் 81 பெயர்களைத் தெரிந்தெடுத்தன. ஆட்டக்காரரை நேரிற் சென்று பார்த்துவரத் தனி ஆட்களை வைத்திருந்த கோஷ்டி அன்று ஒன்றுமில்லை. பத்திரிகையிற் படித்ததும், நண்பர் வாயிலாகக் கேட்டதுமே அவர்களுக்கு ஆதாரம்.

முதலில் வாசிக்கப்பட்ட பெயர், சிகாகோ சர்வகலாசாலையின் ஜே பெர்வாங்கர் என்பவருடையது. அவ்வருஷத்துக் கல்லூரி ஆட்டக்காரருள் அவரே சிறந்தவர் என்று நாடு முழுவதும் ஒப்புக்கொண்டிருந்தது. ஆயினும் அவர் கேட்ட ஊதியத்தைக் கொடுப்பார் இல்லை. அவர் ஒருநாளும் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கவுமில்லை. பின்னாளில் ரப்பர், பிளாஸ்டிக் சாமான்கள் செய்யும் தொழிலில் ஈடுபட்டு வாழ்ந்தார். முதல் தெரிவின் முதற் பெயரே இவ்வாறு பலனின்றிப் போயிற்று.

அதே நாளில், நியூயார்க் கோஷ்டி தன் இரண்டாஞ் சுற்றில் டஃபி லீமன்ஸ் என்பவரைத் தெரிந்தெடுத்தது. அவரைச் சிபாரிசு செய்தவர், அக்கோஷ்டிச் சொந்தக்காரரின் மகனும், கல்லூரி மாணவருமாகிய வெல்லிங்டன் மாரா. பல ஊர்ப் பத்திரிகைகளை வரவழைத்துப் படித்துக் குறிப்பெடுப்பது அப்பிள்ளைக்குப் பொழுதுபோக்கு. லீமன்ஸ் பிற்காலத்தில் கான்டன் நகரத்துப் புகழ்மண்டபத்தில் இடம் பெற்றார். பெரியவர்கள் ஒருமுகமாகப் புகழ்ந்தவர் ஆடவேயில்லை. ஒரு மாணவன் தேடிக் கண்டவர் நிலைத்தார். அபிமானியின் கண் எப்போதும் குருடு என்று சொல்லிவிட இயலாது.

ஒன்றை இங்கே மறைக்கலாகாது. பெல் வகுத்த முறை மெலிந்த கோஷ்டிகளைக் காத்தது உண்மையே. எனினும் உழைப்பவனுடைய பேரத்தை அது பறித்தது. தெரிந்தெடுத்த ஒரு கோஷ்டி தருவதைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அன்றேல் வீட்டில் இருக்கவேண்டும். இம்முறை போட்டியைக் கெடுப்பதால் சட்டத்திற்கு மாறானது என்று 1976-ம் வருஷத்தில் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர், 1977-ல், ஆட்டக்காரர் சங்கத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரிலேயே தெரிவு தொடர்ந்து நடந்துவருகின்றது.

இல்லாத பெயர்கள்

அப்பலகையில் இருந்த 90 பெயர்களுள் கறுப்பினத்தார் பெயர் தெரிவு செய்யப்படவில்லை. இது தற்செயலன்று. சங்கம் தோன்றிய 1920-ல் ஃபிரிட்ஸ் போலார்ட் போன்ற கறுப்பின வீரர்கள் அதில் ஆடினர். 1921-ல் போலார்ட் ஒரு கோஷ்டிக்குப் பயிற்சியாளராகவும் விளங்கினார். ஆயினும் 1933-க்குப் பின் அவர்களுள் ஒருவரும் சேர்க்கப்படவில்லை. ஏட்டில் எழுதிய சட்டம் ஒன்றுமில்லை. எல்லாச் சொந்தக்காரரும் ஒரே மனமாய் நடந்துகொண்டனர், அவ்வளவே. எழுதிய சட்டத்தை எதிர்த்து வழக்காடலாம். எழுதாத சட்டத்தை எங்கே சென்று எதிர்ப்பது?

கலிபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சல்ஸ் கிளையில் பயின்ற கென்னி வாஷிங்டன், 1939-ல் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரருள் ஒருவர். அடுத்து நடந்த தெரிவில் 200 பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவர் பெயர் அவற்றுள் இல்லை. ஏழு வருஷங்கள் கழித்து, 1946-ல், கிளீவ்லாந்து நகரத்து ‘ராம்ஸ்’ கோஷ்டி லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடியேறிப் பொது விளையாட்டரங்கைக் கேட்டது. கறுப்பின மக்களின் வரிப்பணமும் சேர்ந்து எழுந்த அரங்கில் அவர்களை ஒதுக்கும் கோஷ்டி ஆடலாமோ என்று கறுப்பினப் பத்திரிகைக்காரர்கள் எழுந்து நின்று வாதாடினர். அதன் பயனாகவே வாஷிங்டனும் அவர் தோழர் உட்டி ஸ்ட்ரோடும் சேர்க்கப்பட்டனர். அப்போது வாஷிங்டனுக்கு வயது 27, முழங்கால் பழுதுற்றிருந்தது. அவருடைய நல்ல வருஷங்களைத் திருப்பித் தருவார் யார்?

தெரிவிலோ கதவு இன்னும் தாமதமாகவே திறந்தது. 1936 முதல் 1948 வரை 13 தெரிவுகளில் கறுப்பினத்தார் ஒருவர் பெயரும் இல்லை. 1949-ல்தான் ஜார்ஜ் டாலியபெரோ 13-ம் சுற்றிலும், வாலி டிரிப்லெட் 19-ம் சுற்றிலும் தெரிந்தெடுக்கப்பட்டனர். அப்பதின்மூன்று வருஷங்களிலும் அபிமானிகள் வழக்கம்போல் தீர்ப்புக் கூறிக்கொண்டேயிருந்தனர். இவர் நல்லவர், அவர் மந்தமானவர் என்று வாதாடினர். இல்லாத பெயரைப் பற்றி வாதாடுவது எங்ஙனம்? பட்டியலைக் கையில் பெற்றவன் அதிலுள்ளவற்றை ஆராய்வான். அதனை எழுதியவன் விட்டுவிட்டவற்றை நினையான்.

ஒரு வாரப் பத்திரிகை செய்த வேலை

நிற்க. விட்டுப்போன பெயர்களையும் ஒருவர் எழுதிக்கொண்டுதான் வந்தனர். பென்சில்வேனியா மாகாணத்துப் பிட்ஸ்பர்க் எஃகுத் தொழிலுக்குப் பேர்போன நகரம். அங்கே 1907-ம் வருஷத்தில் ‘பிட்ஸ்பர்க் கூரியர்’ என்ற கறுப்பின மக்களின் வாரப் பத்திரிகை தோன்றியது. ராபர்ட் வான் என்பார் ஆசிரியராக அமர்ந்து அதனை நாடெங்கும் பரவச் செய்தார். தென்மாகாணங்களில் அதனை வெளிப்படையாக விற்பது அபாயம். ஆகவே ரயில் வண்டிகளில் ஊழியம் புரிந்த கறுப்பினத் தொழிலாளர்கள் கட்டுக்கட்டாய் எடுத்துச் சென்று சேர்ப்பித்தனர்.

தென்மாகாணத்துச் சர்வகலாசாலைகள் கறுப்பினத்தாருக்குக் கதவடைத்திருந்தமையால், அவர்களுக்கெனத் தனிக் கல்லூரிகள் இருந்தன. அக்கல்லூரிகளில் ஆடியவர்களைப் பெரிய பத்திரிகைகள் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. ‘கூரியர்’ பத்திரிகையோ ஆண்டுதோறும் அவர்களுள் சிறந்தவர்களைப் பொறுக்கி, அகில அமெரிக்கக் கோஷ்டி எனப் பெயரிட்டு அச்சிட்டது. 1949-ல் லூயிசியானாவின் கிராம்ப்லிங் கல்லூரி வீரரான ‘டாங்க்’ யங்கர் என்பவரைத் தெரிவில் ஒருவரும் எடுக்கவில்லை. ‘ராம்ஸ்’ கோஷ்டி தனியே அழைத்துச் சேர்த்துக்கொண்டது. கறுப்பினக் கல்லூரியிலிருந்து அச்சங்கத்தில் நுழைந்த முதல்வர் அவரே. அவருக்குப் பின்னும் பல வருஷங்கள் பெரும்பாலான கோஷ்டிகள் அக்கல்லூரிகளுக்குச் செல்லவில்லை.

‘கூரியர்’ பத்திரிகையின் விளையாட்டுப் பகுதி ஆசிரியராகவும், பின்னர் நிர்வாக ஆசிரியராகவும் இருந்த பில் நன் என்பார், இப்பட்டியலைத் தயாரிக்கும் பொருட்டு வருஷந்தோறும் தென்மாகாணங்களில் பயணஞ் செய்தார், ஆட்டங்களை நேரிற் கண்டார், பயிற்சியாளரோடு அளவளாவினார். அவருடைய சொந்த நகரத்துக் கோஷ்டியான ‘ஸ்டீலர்ஸ்’ 1933-ல் தோன்றிய நாள்முதல் சாம்பியன் பட்டம் ஒன்றையும் கண்டதில்லை. தம் பட்டியலை அக்கோஷ்டி மதியாமலிருப்பதும், கறுப்பினப் பத்திரிகைக்காரரை அது நடத்தும் விதமும் நன் அவர்களுக்கு மிகுந்த மனக்குறை. கோஷ்டிச் சொந்தக்காரரின் மகனான டான் ரூனி இதனைக் கேள்வியுற்று, அவரை அழைத்து, குறைகளைக் கேட்டு, “எங்களோடு வந்து உழையும்” என்னும் பொருள்பட வேண்டிக்கொண்டார். 1960-களின் இறுதியில் நன் அவ்வேலையில் அமர்ந்தார்.

“யார் இந்த ஜோ கிரீன்?”

1969-ல் சக் நோல் என்பார் பிட்ஸ்பர்க் கோஷ்டிக்குப் பயிற்சியாளராக வந்தார். அவர் முதலில் தெரிந்தெடுத்தது, வட டெக்ஸஸ் கல்லூரியின் கறுப்பின வீரர் ஜோ கிரீனை. நகரத்து அபிமானிகளுக்கோ, அம்மாகாணத்திலேயே பிறந்து, நோட்டர் டாம் சர்வகலாசாலையில் புகழெய்திய டெரி ஹான்ராட்டி என்ற வெள்ளை வாலிபரே வேண்டும். “யார் இந்த ஜோ கிரீன்?” என்று பத்திரிகைத் தலைப்பே கேட்டது. ஹான்ராட்டியும் இரண்டாஞ் சுற்றில் கிடைத்தார். ஆயினும் முணுமுணுப்பு ஓயவில்லை. அவ்வருஷம் கோஷ்டி 14 ஆட்டங்களில் ஒன்றிலே மட்டும் வென்றது. “நாம் சொன்னது சரியாயிற்றன்றோ?” என்று அபிமானிகள் பேசிக்கொள்ள அது போதாதா?

ஆனால் 1972-லும் 1974-லும் சங்கத்தின் தலைசிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் என்ற விருது கிரீனுக்கே கிடைத்தது. அவரோடு 10-ம் சுற்றில் எடுக்கப்பட்ட எல். சி. கிரீன்வுட், 1970-ல் மூன்றாஞ் சுற்றில் எடுக்கப்பட்ட மெல் பிளவுண்ட் ஆகிய இருவரும் கறுப்பினக் கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். பழிக்கப்பட்ட கோஷ்டியின் அடித்தளம் அவர்களால் எழுந்தது.

1974-ம் வருஷத் தெரிவு இன்னும் வியப்புக்குரியது. அதில் பிட்ஸ்பர்க் முதலில் லின் ஸ்வானையும், அடுத்து ஜாக் லாம்பர்ட்டையும் எடுத்தது. நான்காஞ் சுற்றில் ஜான் ஸ்டால்வொர்த்தையும், ஐந்தாஞ் சுற்றில் மைக் வெப்ஸ்டரையும் எடுத்தது. உள்ளூர்ப் பத்திரிகை ஒன்று என்ன கூறிற்று தெரியுமா? பந்தை ஓடிப் பிடிப்போர் வகையில் மாத்திரமே கோஷ்டி பலப்பட்டது; தேவையான பிற இடங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை; லாம்பர்ட் தேறினாலும் ஐந்தாவது ஆளாக உட்கார்ந்திருப்பார்; மற்றவரெல்லாம் ஐயத்துக்குரியவர் என்று எழுதிற்று.

இவர்களுள் ஸ்டால்வொர்த், அலபாமாவிலுள்ள ஒரு கறுப்பினக் கல்லூரியில் பயின்றவர். பல கோஷ்டிகளின் ஆட்கள் ஒன்றாகச் சென்று அவர் ஓட்டத்தை அளந்த நாளில் தரை ஈரமாயிருந்ததாம். அவர் வேகம் குறைவென்று குறித்துக்கொண்டு ஏனையோர் புறப்பட்டுவிட்டனர். பில் நன் மட்டும் ஏதோ காரணம் கூறி அவ்வூரிலேயே தங்கி, மறுநாள் உலர்ந்த தரையில் மறுபடி ஓடச்செய்து அளந்தார் என்பர். ஈரத்தரையின் குற்றத்தை இளைஞன் தலையில் சுமத்தாமல், இன்னும் ஒருநாள் காத்திருந்தார். நியாயம் வழங்கச் சில வேளைகளில் வேறொன்றும் வேண்டுவதில்லை. ஒருநாட் பொறுமை போதும்.

அவ்வருஷம் 17 சுற்றுக்களில் 442 பெயர்கள் வாசிக்கப்பட்டன. தென் கரோலைனா மாகாணக் கல்லூரியின் டானி ஷெல் அவற்றுள் இல்லை. அக்கறுப்பினக் கல்லூரியை அறிந்திருந்த நன் அவரையும் பிட்ஸ்பர்க்குக்குக் கொணர்ந்தார். ஸ்வான், லாம்பர்ட், ஸ்டால்வொர்த், வெப்ஸ்டர், ஷெல் ஆகிய ஐவரும் இன்று புகழ்மண்டபத்தில் இருக்கின்றனர். நாற்பது வருஷங்களாக வெற்றி காணாத கோஷ்டி, 1975 ஜனவரி முதல் 1980 ஜனவரி வரையுள்ள ஆறு பருவங்களில் நான்கு முறை நாட்டின் சாம்பியன் ஆயிற்று. 2014-ல் மறைந்த நன் அவர்களும் 2021-ல் அப்புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

கதவு திறந்த பின்னும்

பெயர் எழுதப்பட்டுவிட்டால் அநீதி முழுவதும் தீர்ந்ததாகாது. பந்தை எறிந்து, கோஷ்டி முழுவதையும் நடத்தும் ஆட்டக்காரனை ‘குவார்ட்டர்பேக்’ என்பர். அவ்விடத்திற்கு வேண்டிய அறிவு கறுப்பினத்தாருக்கு இல்லை என்ற மூடக் கொள்கை நெடுங்காலம் நிலவியது. 1972-ல் பிட்ஸ்பர்க் கோஷ்டி, ஜோ கில்லியம் என்ற கறுப்பின வீரரை 11-ம் சுற்றில் எடுத்தது. 1974-ம் வருஷப் பருவத்தின் முதல் ஆறு ஆட்டங்களை அவரே நடத்தினார். நான்கில் வெற்றி, ஒன்றில் தோல்வி, ஒன்று சமன். அவர் ஆட்டத்தில் பிழைகள் இருந்தன. எனினும் அவருக்கு வந்த மிரட்டற் கடிதங்கள் அவர் ஆட்டத்தைப் பற்றியவை அல்ல, அவர் தோலைப் பற்றியவை. ஏழாவது ஆட்டத்தில் வேறொருவர் அவ்விடத்தில் நின்றார். 1978-ல், வாஷிங்டன் சர்வகலாசாலையை ‘ரோஸ் பவுல்’ ஆட்டத்தில் வெற்றிபெறச் செய்த வாரன் மூனைத் தெரிவில் எவரும் எடுக்கவில்லை. அவர் கானடா நாடு சென்று எட்மண்டன் கோஷ்டியோடு ஐந்து சாம்பியன் பட்டங்களை வென்ற பின்னரே, 1984-ல், சொந்த நாட்டுச் சங்கம் அவரை வரவேற்றது. 2006-ல் அவரும் புகழ்மண்டபம் புகுந்தார். இன்று அச்சங்கத்தின் ஆட்டக்காரருள் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தார்.

1980 முதல் தெரிவு தொலைக்காட்சியில் காட்டப்படுகின்றது. அபிமானிகளின் குரலும் அன்றுமுதல் பெருகிவிட்டது. 1999-ல், தெரிவு பிறந்த பிலடெல்பியா நகரத்து அபிமானிகள் சிலர் நியூயார்க் மண்டபத்திற்குச் சென்று, தம் கோஷ்டி டானவன் மக்நாப் என்பவரைத் தெரிந்தெடுத்தவுடன் உரக்க ஏசினர். ரிக்கி வில்லியம்ஸ் என்பவரே அவர்களுக்கு வேண்டும். அந்த மக்நாப்தான் அவர்கள் கோஷ்டியை 2005 பிப்ரவரியில் இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்றார். 2000-ல் டாம் பிராடி 199-வது பெயராக எடுக்கப்பட்டார். அவருக்கு முன் ஆறு குவார்ட்டர்பேக்குகளின் பெயர்கள் வாசிக்கப்பட்டன. ஏழு முறை சாம்பியன் பட்டம் வென்றவர் அவரே.

அபிமானிகள் தீர்ப்புக் கூறவே கூடாதென்பது நம் கருத்தன்று. வாரமெல்லாம் ஆலையில் உழைத்து, ஓய்வு நாளில் சீட்டு வாங்கிக்கொண்டு திடலுக்கு வருபவன் தன் கோஷ்டியைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவது? அன்பு உள்ள இடத்தில் வாய் சும்மா இராது. மாணவ மாராவைப்போல் தேடிப் படித்துப் பேசினால் அப்பேச்சினால் பயனும் உண்டு. ஆனால் தீர்ப்புக் கூறுமுன் இரண்டு காரியங்களைச் செய்தல் வேண்டும். முதலாவது, ஸ்டால்வொர்த்தை அளந்த அம்மனிதரைப்போல், தரை உலரும் வரை காத்திருத்தல். இரண்டாவது, கையிலுள்ள பட்டியலை எழுதியவர் யார், எவ்வூருக்குச் சென்று எழுதினார், எவ்வூருக்குச் செல்லாமல் எழுதினார் என்று விசாரித்தல்.

2026-ம் வருஷத்துத் தெரிவை நடத்தும் உரிமை 2024-ல் பிட்ஸ்பர்க் நகருக்கு அளிக்கப்பட்டது. “யார் இந்த ஜோ கிரீன்?” என்று கேட்ட நகரம் அது. அக்கேள்விக்கு விடையறிந்த ஒரு வாரப் பத்திரிகை, ரயில் தொழிலாளர் கைகளில் ஏறி ஊரூராய்ச் சென்றதும் அந்நகரத்திலிருந்தே. பெரியோர் பலகையில் இடம் பெறாத பெயர்களை அது ஆண்டுதோறும் அச்சிற் பதித்து வைத்தது. தேடி வந்தபோது அவை அங்கே இருந்தன.